கம்பி அறுந்துவிடக் கூடாது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் என் வாழ்நாளில் நான் அதிகமாகத் திட்டியது எந்த மனுஷரையும் அல்ல, ஒரு கம்பியை. தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பி. பாழாய்ப்போன அந்தக் கம்பி மொத்தம் மூன்று தடவை அறுந்தது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் நிலத்தடி அறையில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நானும், மர்பி டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வரும் என் சகாவும். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஒப்பந்தம். எங்களுக்கு மேலே குழுவின் தலைவர். கன்னடக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவரை 'சார்' என்போம். சகா என்னை 'இன்னாமா' என்பான், நான் அவனை 'யோவ்' என்பேன். அதற்கு மேல் மரியாதை எங்கள் அறையில் புழங்கவில்லை.

என்ன வேலை என்று அப்பா கேட்டபோது சொன்ன மாதிரியே இங்கும் சொல்லிவிடுகிறேன். அணுவும் அணுவைவிடச் சின்னதும் ஒரே நேரத்தில் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். அது சோதித்துப் பார்த்த உண்மை. சோற்றுப் பானை அப்படி இருப்பதில்லை. அடுப்பில் இருந்தால் அடுப்பில்தான். சின்னதற்கு ஒரு நியாயம், பெரியதற்கு ஒரு நியாயமா? நியாயம் எந்த இடத்தில் மாறுகிறது? ஈர்ப்பு விசைதான் மாற்றுகிறது என்று சிலர் சொன்னார்கள். கனமான பொருளை அதன் ஈர்ப்பே 'ஒரு இடத்தில் இரு' என்று அதட்டி உட்கார வைக்கிறதாம். அது உண்மையானால், அதட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொருள் கொஞ்சம் அதிர வேண்டும். சூட்டினால் வரும் நடுக்கம் எல்லாப் பொருளுக்கும் உண்டு. அதைக் கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு மேலே இன்னொரு நடுக்கம் இருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

"இருந்தா?" என்று கேட்டார் அப்பா.

"உலகமே திரும்பிப் பாக்கும்."

"இல்லன்னா?"

"இல்லன்னு எழுதிக் குடுப்போம்."

"அதுக்கா சம்பளம் தராங்க?" என்று அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. உள்ளே காற்றையெல்லாம் பம்பு உறிஞ்சிவிடும். அந்த வெறுமையில் கம்பியின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவு அலுமினியக் கட்டி தொங்கும். கட்டியின் மேல் ஒட்டிய சின்னக் கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்பும். கட்டி எவ்வளவு சிலிர்க்கிறது என்பதை அந்த ஒளி சொல்லும். உள்ளே போகும் எதிலும் விரல்ரேகைகூடப் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு அந்த வெறுமையில் வாரக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கட்டியை அதுவே நெட்டித் தள்ளும். அதனால் கையுறை இல்லாமல் யார் கிட்டே வந்தாலும் நான் காளி. தரையில் மஞ்சள் டேப் ஒட்டி எல்லை போட்டிருந்தோம். அதைத் தாண்ட எங்கள் இருவருக்கும்தான் அனுமதி.

அந்த வருஷம் இரண்டு தடவை கம்பி அறுந்திருந்தது. இரண்டு தடவையும் எல்லாம் முடித்து மூடப்போகிற நேரத்தில். மார்ச்சில் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. காட்ட ஏதாவது இருந்தால் திட்டம் நீளும், எங்கள் இருவருக்கும் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு இருவரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். இரண்டாவது கம்பி அறுந்த அன்று அவன் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அதன் மேலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது முயற்சியை விஜயதசமியன்று தொடங்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். ஊரே அன்றைக்குத்தான் புதுசாக எதையும் தொடங்கும். விஞ்ஞானி மட்டும் விதிவிலக்கா? முந்தின நாள் ஆயுத பூஜை. பம்பு, லேத், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். கதவுக்குக் கதவு வாழைக்கன்று. வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லோருக்கும் பொரியும் கடலையும் தேங்காயும். நான் கத்தோலிக்கக் குடும்பம். பொட்டுக்குத் தள்ளி நிற்பேன், பொரிக்கு முன்னால் நிற்பேன். அவனோ சாமி கீமி எதுவும் கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

"மெஷினுக்கு என்னாத்துக்கும்மா பொட்டு? அதுக்கு நெத்தி எங்க கீது?" என்று பூஜைத் தட்டு ஏந்தி வந்தவர்களைக் கலாய்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் கம்பியை மாட்டினோம். கட்டி தொங்கியது. கம்பி தாங்கியது. கடைசிக் கொக்கியை இறுக்குவதை அவனிடம் விட்டுவிட்டு நான் மேலே போய்ப் பொரி வாங்கி வந்தேன். வந்தபோது அவன் மூடியை ஏற்றத் தயாராக நின்றான். மூடினோம். மறுநாள் விஜயதசமி, சார் வந்து பம்பின் பொத்தானை அழுத்தினார்.

நடுக்கம் வந்தது. சூட்டின் கணக்கைவிட அதிகமாக, நன்றாகவே அதிகமாக வந்தது. முதல் வாரம் நாங்கள் நம்பவில்லை. பஸ் போகும் அதிர்வோ என்று பார்த்தோம். பஸ் ஓடாத விடியற்காலையிலும் இருந்தது. மின்சாரக் கோளாறோ என்று ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தோம், அப்போதும் இருந்தது. காற்றழுத்த மீட்டர், எல்லாம் சுத்தம் என்றது. சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்போது யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவரே மதிப்பீட்டுக் குழுவின் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்குத்தானே இத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நானே சிரித்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்வார்கள்.

கிறிஸ்துமஸ், புது வருஷம் எல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அன்று எல்லா வாரங்களின் நடுக்க வரைபடங்களையும் வரிசையாக மேசையில் பரப்பினேன். நடுக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தைப் பார்த்தால் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கோடு போடலாம்.

"யோவ், இங்க பாரு. குறையுது."

அவன் எட்டிப் பார்த்தான். "அது சும்னே ஏத்த எறக்கம். விடு." சும்மாவை அவன் கன்னடத்தில்தான் சொல்வான்.

"ஏத்தம் எங்க? எறக்கம் மட்டும்தான இருக்கு. ஈர்ப்பு விசைக்குக் களைப்பு வருமா? நவம்பர்ல ஒரு மாதிரி, ஜனவரில ஒரு மாதிரி இருக்குமா அது?"

"இப்ப இன்னா சொல்ற நீ?"

"உள்ள ஏதோ காயுதுன்னு சொல்றேன். ஈரத் துணி மாதிரி. கட்டி மேலயே ஏதோ இருந்து ஆவி விடுது. பம்பு பக்கத்துல இருக்கற மீட்டருக்கு அது தெரியாது."

"ரெண்டு பேரும் கையுறை போட்டுத்தான மாட்டினோம்?" என்று கேட்டுவிட்டு அவன் பம்புப் பக்கம் போய் நின்றுகொண்டான். எப்போதும் வாயைத் திறந்தால் மூடாதவன். அன்று முழுக்க அவன் பேசவில்லை. நான் அதைக் குழந்தைக் கவலை என்று நினைத்தேன்.

திறந்து பார்த்தால் மூன்று மாத வேலை போய்விடும். திறக்காமலே ஒரு சோதனை உண்டு. உருளையைச் சுற்றிச் சூடேற்றும் பட்டியைக் கட்டிக் கொஞ்சம் சூடாக்குவது. ஈர்ப்பு விசை என்றால் நடுக்கம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஈரம் என்றால் ஆவி பலமடங்காகும், நடுக்கம் எகிறும். அதைச் சொன்னதும் சண்டை வந்தது.

"மார்ச் வரைக்கும் வாய மூடிக்கினு இருந்தா இன்னா கொறஞ்சிடும்? குழு வந்து போகட்டும். வேல நிரந்தரம் ஆகட்டும். அப்பறம் எத்த வேணா சூடாக்கு."

"அப்பறம் தப்புன்னு தெரிஞ்சா? உலகம் பூரா நம்மள காறித் துப்பும்."

"உலகமா எம் பொண்டாட்டிக்குச் சோறு போடுது?"

எனக்கும் பயம்தான். நிரந்தர வேலை என்று அம்மாவிடம் பாதி சொல்லிவிட்டிருந்தேன். அவள் அதைத் தெருவில் முழுதாகச் சொல்லிவிட்டிருந்தாள். ஆனாலும் அந்த இறங்கும் கோட்டைப் பார்த்துவிட்டேனே. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ள எனக்கு வராது. பட்டியை எடுத்து நானே கட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கைகட்டி நின்றவன், பிறகு மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள், நடுக்கத்தைத் தாளில் வரையும் கருவியின் பேனா ஓரத்தை முட்டியது. நான் அளவை மாற்றினேன். மறுபடி முட்டியது. அவ்வளவுதான், உலகம் திரும்பிப் பார்க்காது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவன் அழவில்லை. திரையையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் நின்றான்.

"ஈரம்னு எழுதிடலாம்மா. தெறக்க வேணாம்," என்றான்.

"என்ன ஈரம்னு தெரியாம எப்படி எழுதறது?"

உருளைக்குள் காற்றை விட்டு மூடியை இறக்கினோம். கட்டியைக் கழற்றி விளக்கின் கீழே திருப்பினேன். அடிப்பக்கம், மிளகு அளவில், காய்ந்து கருத்த சிவப்பில் ஒரு பொட்டு. ஓரத்தில் சந்தனத்தின் வெளிர் நிறம்.

டேப்பைத் தாண்டுகிறவர்கள் இரண்டே பேர். நான் வைக்கவில்லை.

"இங்க வா," என்றேன். அவன் அசையவில்லை. "வான்னு சொன்னேன்."

"தெரியும்மா," என்றான், பம்பைப் பார்த்தபடியே.

"ஏன்யா? நெத்தி இல்லாத மெஷினுக்கு ஏன்யா?"

"ரெண்டு தடவ அறுந்துடுச்சு. மூணாவதும் அறுந்தா நாம ரெண்டு பேரும் ரோட்டுல. தட்டு மேசை மேல இருந்துச்சு. நீ பொரி வாங்கப் போயிட்ட. கை தானா போச்சு." கையுறை விரலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். "நான் வேண்டிக்கினது ஒன்னே ஒன்னுதான். கம்பி அறுந்துடக் கூடாது. அறுந்துச்சா?"

அடப்பாவி! எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, சிரிப்பும் முட்டியது. அறுந்திருக்கவில்லைதான். கேட்டதைக் கேட்டபடி சாமி கொடுத்திருந்தது.

"எப்பத்துலருந்து தெரியும் உனக்கு?"

"நீ படமெல்லாம் பரப்பினியே, அன்னிக்கே."

அதுதான் வலித்தது. பொட்டை மன்னித்திருப்பேன். கோடு இறங்குவதை நான் காட்டியபோது, காரணம் தன் விரலில் இருப்பது தெரிந்தும், 'சும்னே ஏத்த எறக்கம்' என்றானே. ஐந்து வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவன். "இனிமே உன்ன எப்படி நம்பறது?" என்று கேட்டே விட்டேன். அவன் மாடியேறிப் போனான்.

சாரிடம் அவனே சொன்னான். நான் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றிருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். "விஜயதசமி வேண்டும் என்று கேட்டது நான்தானே," என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு மதிப்பீட்டுக் குழுவின் தலைவருக்குப் போன் போட்டு, நாம் பார்த்தது தப்பு என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வைத்ததும், "இன்னும் நாள் இருக்கிறது. துடைத்துவிட்டு மாட்டுங்கள்," என்றார்.

அசிட்டோனில் கட்டியை நானே கழுவினேன். துளி சிவப்பு இல்லாமல் கழுவினேன். மறுநாள் காலை புதுக் கம்பியை மாட்டினோம். கட்டி தொங்கியது. மூடியை எடுக்கத் திரும்பினேன். பின்னால் டங்கென்று சத்தம்.

அவன் என்னைப் பார்த்தான். அவன் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். 'பாத்தியா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நல்லாத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அவனோ, குனிந்து கட்டியை எடுத்து, அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, என்னிடம் கொடுத்துவிட்டு, சுருளிலிருந்து இன்னொரு கம்பி வெட்டப் போனான். முந்தின நாள் அழுத கண், தூங்காத கை. அதனால்தான் அறுந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு தடவை அறுந்தால் மார்ச்சுக்குள் எதுவும் முடியாது. கம்பியைக் கொக்கியில் கோர்க்கப்போகும் நேரத்தில் என் வலது கை தானாக நெற்றிக்குப் போனது, மார்புக்கு, இடது தோளுக்கு, வலது தோளுக்கு. கையுறையோடு. அவன் பார்த்துவிட்டான்.

"பரவால்ல," என்றான் மெதுவாக. "அது ஆவி விடாது."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு கோர்த்தேன். கட்டி தொங்கியது, கம்பி தாங்கியது. மூடியை ஏற்ற இன்னும் சில திருகுகள் தேவைப்பட்டன, அவை அடுத்த அறை அலமாரியில் இருந்தன. நான் போய் எடுத்து வந்தேன். திரும்பியபோது அவன் கட்டிக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. கேட்கவும் முடியவில்லை, குனிந்து பார்க்கவும் மனசு வரவில்லை. பார்த்தால் அவன் முகத்துக்கு நேரே 'நீ திருடன்' என்று சொன்ன மாதிரி. மூடினோம்.

பம்பு ஓடிய அந்த வாரங்கள் எனக்கு நரகம். நடுக்கம் அதிகமாக இருந்தால், ஒன்று உலகம் திரும்பிப் பார்க்கும், இல்லையென்றால் இவன் மறுபடியும் வைத்திருக்கிறான். நடுக்கம் சூட்டின் கணக்கோடு நின்றுவிட்டால் வேலை இல்லை. எதை வேண்டிக்கொள்வது? கோயிலுக்குப் போய் மாதா முன்னால் முழங்கால் போட்டு, என்ன கேட்பது என்று தெரியாமலே எழுந்து வந்தேன். அவனிடம் தேவையானதை மட்டும் பேசினேன். மத்தியானம் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

முதல் கணக்கு வந்தது. நடுக்கம் சூட்டின் கோட்டில் படுத்திருந்தது. அடுத்த வாரமும் அங்கேயே. அதற்கடுத்த வாரமும். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விட்டது என்பது தெரிந்தது. அவன் வைக்கவில்லை என்பதும் தெரிந்தது. எதற்காகக் கண்ணில் தண்ணீர் வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குழு வந்தது. நாங்கள் அளந்த எல்லை வரையில் ஈர்ப்பின் நடுக்கம் தென்படவில்லை என்று சார் சொன்னார். பொட்டின் கதையையும் மறைக்காமல் சொன்னார். குழுவில் ஒருவர் என் சகாவைப் பார்த்து, "ஆக, ஒன்றுமே இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவன் நிமிர்ந்து நின்றான். "இல்லை சார். ஒன்றுமே இல்லை. அதற்கு நான் உத்தரவாதம்," என்றான். அவன் குரலில் அன்றைக்கு இருந்த கம்பீரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அந்த மாதத்தோடு திட்டம் முடிந்தது.

அறையைக் காலி செய்த அன்று உருளையைக் கடைசியாகத் திறந்தோம். அவனுக்கு ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது. எனக்கு ஒரு கல்லூரியில் ஆய்வக வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் கட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றினான். பெட்டியில் வைக்காமல் நேராக என்னிடம் வந்து, என் முகத்துக்கு நேரே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். வெறும் அலுமினியம். பளபளவென்று இருந்தது.

"நான் கேக்கலையே," என்றேன்.

"நீ கேக்க மாட்டேன்னு தெரியும்மா," என்றான். "அதான் காட்டறேன்."